காரை ஓடையில் கடல் கிளிஞ்சல் கிடக்கிறதே, இது குமரிக்கண்டத்துக்குச் சாட்சியா?

செம்மண்காடு:

போன வாரம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பெரம்பலூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். விருந்து முடிந்து எல்லாரும் பந்தலிலேயே சாய்ந்துவிட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற அக்கா மகன் மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்ததால் அவனையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் காரை என்ற ஊருக்குப் போனேன் (பைக்கில் மூன்று பேர், திட்டாதீர்கள்). பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், மழை அறுத்துப் போட்ட மண்மேடுகள், மஞ்சளும் சிவப்புமாக, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, தரையெல்லாம் ஜிப்சம் சில்லு கண்ணாடி உடைத்துப் போட்ட மாதிரி மின்னும். குனிந்து தேடினால் விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, அச்சு அசல் துப்பாக்கித் தோட்டா மாதிரி பழுப்புக் கற்கள். ஓடைக் கரையில் ஓரிடத்தில் ஆட்டுக்கடா கொம்பு போலச் சுருண்ட கல் ஒன்று பாதி மண்ணுக்குள் இருந்தது.

சித்தப்பா உடனே ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா, இதெல்லாம் கடல் ஜீவன். குமரிக்கண்டத்தைக் கடல் கொண்டது பொய்யின்னு எவன் சொன்னான்?" பையன் விடவில்லை, கண்டங்கள் நகர்ந்தன என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றான். "நகர்ந்ததை எவன் பாத்தான்? கல்லு வந்து சொல்லுச்சா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கும் பதில் தெரியவில்லை.

கடற்கரை அங்கிருந்து நூறு கிலோமீட்டராவது இருக்கும். அங்கே கடல் உயிர் எப்படி வந்தது? கண்டம் நகர்ந்ததைக் கல் எப்படிச் சொல்லும்? சித்தப்பாவிடம் எடுத்துச் சொல்கிற மாதிரி யாராவது விளக்குங்கள்.

---

கல்லுளிமங்கன்:

நான் நிலவியல் படித்த காலத்தில் ஊட்டத்தூர், காரை என்று ஒரு மாதம் சுத்தியலோடு அலைந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த தோட்டா, பெலம்னைட். கணவாய் மீன் மாதிரி ஒரு உயிர், அதன் உடம்புக்குள் வால் பக்கம் இருந்த கெட்டியான கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) துண்டு அது. சதை அழுகிப் போனது, அது மட்டும் தங்கிவிட்டது. குறுக்கே உடைந்த ஒன்று கிடைத்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள், நடுவிலிருந்து ஓரம்வரை சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி கோடுகள் விரியும். கடா கொம்பு, அம்மோனைட். நத்தை மாதிரி தெரிந்தாலும் நத்தை இல்லை, அதுவும் கணவாயின் உறவுதான். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு இருக்கும், கடைசி அறையில் உயிர் குடியிருக்கும், மற்ற அறைகளில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதக்கும். இரண்டுமே கடலைத் தவிர வேறெங்கும் வாழாதவை. அந்த வகையில் சித்தப்பா சொன்னது சரி, காரை கடலாகத்தான் இருந்தது.

ஆனால் முடிவு தலைகீழ். குமரிக்கண்டக் கதையில் நிலம் இருந்தது, கடலுக்குள் போனது. காரையில் கடல் இருந்தது, இப்போது நிலம். மூழ்கியதற்கு அல்ல, கடல் உள்ளே வந்து திரும்பிப் போனதற்குத்தான் இது சாட்சி.

எப்படி வந்தது? சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்க்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரியத் தொடங்கியது. ரொட்டியை இரண்டு கையாலும் பிய்க்கும்போது பிய்கிற ஓரம் தொங்கிப் போகும் இல்லையா, அப்படி நம் கிழக்குக் கரை ஓரம் பள்ளமாக இறங்கியது. காவிரிப் படுகை என்று எண்ணெய் எடுக்கிறார்களே, அந்தப் பள்ளம்தான். துருவத்தில் பனிக்கட்டி அநேகமாக இல்லாத சூடான காலம் அது, உலகம் முழுக்கக் கடல் மட்டம் உயரத்தில் இருந்தது. தண்ணீர் பள்ளத்துக்குள் ஏறிவிட்டது. பல கோடி ஆண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததில் படிந்த சேற்றையும் மணலையும் சுண்ணாம்பையும்தான் 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பெயர் வைத்தார். அந்தப் பெயர்களை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊட்டத்தூர் பெயரை அந்த ஊர்க்காரர்களை விட வெளிநாட்டு அம்மோனைட் ஆட்கள்தான் அதிகம் உச்சரித்திருப்பார்கள்.

கல்லங்குறிச்சி சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் இறங்கினால் பாறையில் சிப்பி இல்லை, சிப்பியே பாறையாக இருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காக. அதை அரைத்துத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். உங்கள் வீட்டுத் தூணிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

அந்தக் கடலுக்குக் கரை இருந்தது, கரையில் டைனோசர் திரிந்தது. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எலும்பு பதப்படுத்துவதற்குள் உதிர்ந்து போய்விட்டது, இன்று கையில் இருப்பது வரைபடங்களும் படங்களும்தான். ஆனால் குன்னம் குளத்தில் 2020இல் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது முட்டை இல்லை. அம்மோனைட்டைச் சுற்றிச் சேறு இறுகி உருண்டையான கல். இன்றும் மாதம் ஒருவர் எனக்கு அதை ஃபார்வேர்டு செய்கிறார்.

---

கேள்வி மன்னார்சாமி:

எல்லாம் சரி சார். ஆனால் நகர்ந்ததற்கு இது எப்படி ஆதாரம்? கடல் வந்தது, போனது, அவ்வளவுதானே. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தாலும் இதே கிளிஞ்சல் கிடைத்திருக்குமே. அங்கே இங்கே ஒரே மாதிரி ஃபாசில் கிடைக்கிறது என்பீர்கள். அம்மோனைட் நீந்துகிற ஜாதி, மடகாஸ்கருக்கு நீந்திப் போயிருக்கும். செடி என்றால் விதை மிதந்து போயிருக்கும், தேங்காய் மிதந்து தீவு தீவாகப் போகவில்லையா?

---

கல்லுளிமங்கன்:

ரொம்பச் சரியான கேள்வி. அரியலூர் அம்மோனைட்டும் மடகாஸ்கர், தென்னாப்பிரிக்க அம்மோனைட்டும் நிறையவே ஒத்துப்போகும், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காகவே அதை முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற மாட்டேன். நீந்தத் தெரியாத, மிதக்க வழியில்லாத சாட்சி வேண்டும். இந்த இழையில் நிலக்கரி ஊரில் வளர்ந்த ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன், அவர் வரட்டும்.

---

கொத்தகூடம் டீச்சர்:

வந்துவிட்டேன் அண்ணா. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, நாங்கள் காலனிப் பிள்ளைகள். அப்பா ஒரு நாள் சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு பலகைக் கல்லைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சாம்பல் நிறக் கல்லில் கறுப்பாக ஒரு இலை. நாக்கு வடிவம். நடு நரம்பு தெளிவாக, அதிலிருந்து பிரிகிற நரம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை மாதிரி. விரலால் தேய்த்தால் விரலில் கரி ஒட்டியது. ஒரு இலையைத் தொட்டேன், அதன் கரி என் விரலில் என்று நான் புரிந்துகொண்டது பல வருடம் கழித்து.

அதுதான் குளோசாப்டெரிஸ். 1828இல் பிரான்யார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயர் வைத்தது, கிரேக்கத்தில் குளோசா என்றால் நாக்கு. கோதாவரிப் பள்ளத்தாக்கு, தால்ச்சேர், ராணிகஞ்ச், ஜாரியா என்று நம் பெரிய நிலக்கரிக்கெல்லாம் இந்த மரக்காடுதான் மூலம், 25 கோடி ஆண்டுக்கும் முந்தையது. (நெய்வேலியைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அது ரொம்பப் பின்னால் வந்த பழுப்பு நிலக்கரி, வேறு கதை.) இதே இலை தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாவற்றிலும் உண்டு.

அண்டார்க்டிகாவில் கிடைத்த கதைதான் எனக்கு மறக்காது. 1912இல் ஸ்காட்டின் குழு தென் துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. அமுண்ட்சென் முந்திவிட்டார், தோற்றாயிற்று, சாப்பாடு குறைகிறது, கை கால் பனியில் அழுகுகிறது. அந்த நிலையிலும் பியர்ட்மோர் பனியாற்றின் அருகே நின்று, குழுவில் இருந்த வில்சன் பாறை உடைத்து இலை பதிந்த கற்களை எடுத்தார். சுமார் 16 கிலோ கல். அதை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டே நடந்து, உணவுக் கிடங்குக்குச் சுமார் 18 கிலோமீட்டர் இருக்கையில் மிஞ்சியிருந்த மூன்று பேரும் கூடாரத்துக்குள்ளேயே இறந்து போனார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் உடல்களோடு கற்களையும் கண்டுபிடித்தார்கள். 1914இல் சீவர்ட் என்ற தாவரவியலாளர் பரிசோதித்துச் சொன்னார், குளோசாப்டெரிஸ். என் அப்பா சோற்றுப் பாத்திரத்தோடு கொண்டுவந்த அதே இனம். இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது "கல்லை எறிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாங்களா மிஸ்?" என்று கேட்கும். நான் பதில் சொல்வதில்லை.

மன்னார்சாமி அண்ணா, தேங்காய்க்கு வருவோம். தேங்காய் உப்பு நீரில் மிதப்பதற்கென்றே நார் உடுத்திய காய். இந்த மரத்தின் விதை அப்படி இல்லை. ஒரு தீவில் ஒரு மரம் முளைத்தது என்றால் சரி, மிதந்தது என்று விட்டுவிடலாம். ஐந்து நிலங்களில் காடு காடாக, நிலக்கரி ஆகிற அளவுக்கு ஒரே மரம் என்றால்? போகட்டும், செடியை விடுங்கள். லிஸ்ட்ரோசாரஸ் என்று ஒரு பிராணி, பன்றி பருமன், கிளி மூக்கு, இரண்டு கோரைப்பல், குட்டைக் கால். ராணிகஞ்ச் பக்கம் பாஞ்செட் பாறையில் கிடைக்கிறது, தென்னாப்பிரிக்காவின் கரூவில் மந்தை மந்தையாகக் கிடைக்கிறது. 1969இல் எட்வின் கோல்பெர்ட்டின் குழு அண்டார்க்டிகாவில் அதே எலும்பைத் தோண்டி எடுத்தது. அந்தக் குட்டைக்காலி இந்துமாக்கடலை நீந்திக் கடந்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

---

கல்லுளிமங்கன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பெரிய சாட்சி. தனித்தனிப் பொருள் ஒத்துப்போவது ஒரு பக்கம், வரிசையே ஒத்துப்போவது இன்னொரு பக்கம். ஒடிசாவில் தால்ச்சேர் நிலக்கரிக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? பனியாறு உருட்டிப் போட்ட பாறாங்கற்கள். 1856இலேயே பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் சொல்லிவிட்டார்கள், வெயில் கொளுத்துகிற ஒடிசாவில் பனிக்கட்டியா என்று பலரும் நம்பவில்லை. பிறகு சந்திரபூர் பக்கம் இரை என்ற ஊரில் பனியாறு கல்லை இழுத்துப் பாறையில் கீறிய தடமே கிடைத்தது. தென்னாப்பிரிக்காவிலும் அதேதான், கீழே பனியாற்றுக் கல், மேலே நிலக்கரியும் நாக்கு இலையும், அதற்கும் மேலே லிஸ்ட்ரோசாரஸ். ஒரே புத்தகத்தின் அத்தியாயங்கள் ஒரே வரிசையில் ஐந்து வீட்டில் கிடைத்தால் என்ன நினைப்பீர்கள்?

இன்னொன்று. தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தக் கீறல்களைப் பார்த்தால் பனியாறு இன்றைய கடல் பக்கமிருந்து நிலத்துக்குள் ஏறி வந்திருக்கிறது. கடலிலிருந்து பனியாறு ஏறாது. அந்தப் பக்கத்திலும் அப்போது நிலம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இந்த ஒட்டு நிலத்துக்குத்தான் கோண்டு மக்கள் நாட்டின் பெயரால் கோண்டுவானா என்று பெயர்.

1912இல் வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது அவர் கையில் இந்த ஃபாசில்களில் பல இருந்தன. எது நகர்த்தியது என்பதற்குத்தான் விடை இல்லை. அவர் வானிலை ஆய்வாளர் வேறு, கல் படித்தவர்கள் ஏற்பார்களா! நடுவில் நிலப்பாலம் இருந்தது, மூழ்கிவிட்டது என்று சமாளித்தார்கள். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் வெகெனர் இறந்தார். 1960களில்தான் கடல் தரை நடுவே பிளந்து புதிதாக வளர்கிறது என்று தெரிந்தது, அப்புறம்தான் எல்லாரும் வாயடைத்தார்கள்.

---

பஃறுளி ஆறு:

நிலப்பாலம் மூழ்கியது என்று வெள்ளைக்காரனே சொல்லியிருக்கிறான் அல்லவா, அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். லெமூரியா என்று பெயர் வைத்தது தமிழன் இல்லை, விஞ்ஞானிதான். பஃறுளி ஆற்றைக் கடல் கொண்டது சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. தமிழன் சொன்னால் மட்டும் கட்டுக்கதையா?

---

கல்லுளிமங்கன்:

கோபப்படாதீர்கள் நண்பரே, நானும் சிலப்பதிகாரம் படித்தவன்தான்.

லெமூரியா என்று 1864இல் பெயர் வைத்தவர் ஸ்கிளேட்டர், விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது, அதன் ஒன்றுவிட்ட சொந்தமான தேவாங்கு நம் பக்கம் இருக்கிறது, நடுவே கடல், எப்படி? இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கும் என்றார். அன்றைக்கு அது நல்ல ஊகம், புதிர் உண்மையான புதிர், விடைதான் தவறு. நடுவில் இருந்த நிலம் மூழ்கவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாக ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து போயின. வேடிக்கை என்னவென்றால் லெமூருக்கு அந்தப் பிரிவோடும் சம்பந்தமில்லை, அவை பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கட்டையோடு மிதந்து போய் மடகாஸ்கரில் இறங்கியவை என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து. மன்னார்சாமிக்கு ஒரு தேங்காய் ஜெயம்.

நடுவில் சின்னச் சின்னத் துண்டுகள் விட்டுப்போனது உண்மை. மொரீஷியஸ் தீவுக்கு ஒரு கோடி வயது கூட இல்லை, முழுக்க எரிமலை. அதன் பாறையில் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் என்ற கனிமத் துகள்கள் கிடைத்ததாக 2017இல் வெளியிட்டார்கள், அதாவது எரிமலைக்கு அடியில் பழைய கண்டத்தின் ஒரு துண்டு கிடக்கிறது. ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு. மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம். பாண்டியன் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

கடல்கோள் வேறு சங்கதி. 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் இன்றைக்கு இருப்பதை விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்து போகலாம். அப்புறம் பனி உருகி, கடல் ஏறி, கரையோர நிலம் போனது. அந்த நினைவு பாட்டில் தங்கியதா என்று தமிழறிஞர்கள் விவாதிக்கட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். அதை அரியலூர் கிளிஞ்சலோடும் லெமூரியாவோடும் ஒரே மூட்டையில் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

---

கம்பத்துக்காரன்:

கல்லானது மட்டும்தான் சாட்சியா? எங்கள் மலைப்பக்கம் உயிரோடு ஒன்று இருக்கிறது. ஊதா நிறத் தவளை, பன்றி மூக்கு, ஊதின பலூன் மாதிரி உடம்பு. வருடம் பூரா மண்ணுக்குள் கறையான் தின்றுகொண்டு கிடக்கும், மழைக்கு இனப்பெருக்கம் செய்யச் சில நாள் மட்டும் வெளியே வரும். 2003இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அதற்கு நெருங்கிய சொந்தம் எங்கே என்று பார்த்தால் சுமார் 3000 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் செய்ஷெல்ஸ் தீவில். தவளைத் தோலுக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. செய்ஷெல்ஸ், இந்தியாவிலிருந்து பிரிந்து நின்றுபோன துண்டு என்று தெரிந்ததும் கணக்கு நேராகிவிட்டது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இன்னொரு இனமும் கண்டுபிடித்தார்கள். எங்கள் தாத்தா இதையெல்லாம் மண்வெட்டியில் தள்ளிவிட்டுப் போயிருப்பார்.

---

செம்மண்காடு:

எல்லாருக்கும் நன்றி. முழு இழையையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்காட் கதைக்கு மட்டும் "ச்ச" என்றார், மற்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் நடுவில் பையன் ஒரு வேலை செய்தான். காரையில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பூஜை அறைக்குள் போய், "மாமா, தாத்தா வீட்டுச் சாளக்கிராமத்துல இதே சுருள்தான இருக்கு" என்றான். வீடே அமைதியாகிவிட்டது. உண்மையா கல்லுளிமங்கன் அண்ணா? அப்புறம் அவன் ஒரு பெலம்னைட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான், அது குற்றமா?

---

கல்லுளிமங்கன்:

பையனை நிலவியல் படிக்க வையுங்கள்.

உண்மைதான், சுருள் உள்ள சாளக்கிராமம் அம்மோனைட். சக்கரம் என்று நாம் வணங்குவது அதன் ஓட்டின் பதிவு. நேபாளத்தில் கண்டகி நதி முக்திநாத் பக்கமுள்ள கறுப்புக் களிப்பாறையை அறுத்துக்கொண்டு வருகிறது, அதிலிருந்து உருளும் கல். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் அந்த இடம்தான் என்பார்கள். அந்தப் பாறை சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடகரையில், டெத்திஸ் என்ற பழங்கடலின் சேறாகப் படிந்தது. பிறகு இந்தியா வடக்கே கிளம்பியது, ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலே வேகம், ஒரு கண்டத்துக்கு அது பறப்பது மாதிரி. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதி, நடுவில் இருந்த கடல் சேற்றை மடித்து மலையாக்கியது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடல் சுண்ணாம்புதான். இன்னும் வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, ஜிபிஎஸ் வைத்து அளக்கிறார்கள். "எவன் பாத்தான்" என்ற கேள்விக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆக உங்கள் பூஜை அறைக் கல் இந்தியாவின் பழைய வடகரை, காரையில் பார்த்தது பழைய தென்கிழக்குக் கரை. இரண்டு கரைக்கும் நடுவில்தான் நம் ஊரெல்லாம்.

பையன் எடுத்த பெலம்னைட்டைத் திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் போடச் சொல்லுங்கள், ஆளுக்கொன்று எடுத்தால் காரையில் ஜிப்சம்தான் மிஞ்சும். கையில் தொடாமல் பார்க்க வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இருக்கிறது, 1940இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பைக்கில் மூன்று பேர் வேண்டாம்.

---

செம்மண்காடு:

கல்லைத் திருப்பிப் போடப் பையன் சம்மதித்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போகிறோம். சித்தப்பா கடைசியாக வாய் திறந்தார். "அப்ப பெருமாள் அந்த தெக்குப் பக்கத்திலேருந்து இந்தியாவோட சேந்தே வந்திருக்காருன்னு சொல்லு" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தானும் சாத்தனூர் வருகிறேன் என்கிறார்.